அடிபடாத சொற்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை, மறதி அல்ல. போன வாரம் அவசரத்தில் அனுப்பிய நாலு வரியில் வழக்கமான 'நலம்' இல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஒரு சொல்லை இரண்டு முறை எழுதினால் அதன் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. விட்டுவிட்டேன்.

அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. இந்த வரியை மட்டும் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மூன்றாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு இங்கே எங்கள் குளிர்கிடங்கில் ஒரு குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: அண்ணனும் கம்ப்ரசர் மேஸ்திரியும். அண்ணன் முன்கதவு வழியாக ஓடி வந்துவிட்டான். மேஸ்திரி வரவில்லை. பின்பக்கம் இருக்கும் பேக்கிங் அறையில், ஒன்றரை மணி நேரம் கழித்து, அவர் உடலைத்தான் எடுத்தார்கள். அண்ணனின் கண்கள் மூன்று நாள் சிவந்திருந்தன. இப்போது அதுவும் இல்லை.

விபத்துப் படிவத்தில் அவன் பெயருக்கு நேரே 'அன்ஹர்ட்' என்று போட்டிருக்கிறார்கள். அதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. 'காயமில்லை' என்று எழுதினேன். ஒட்டிய பிறகுதான் பார்த்தேன், காயம் இல்லை என்று சொல்லவும் காயத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். அன்ஹர்ட், அன்ஹார்ம்ட், அன்ஸ்கேத்ட். அடி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாசலில் ஒரு 'அன்' காவலுக்கு நிற்கிறது. 'சேஃப்' மட்டும்தான் துணையில்லாமல் நிற்கும் சொல். அதை அறிக்கையில் சரக்குக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாற்பது டன் பழமும் சேஃப்.

அவனுக்குக் கடிதம் போட்டால் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். உறவுக்காரர்கள் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது என்ற விதி இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிட்டான்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உங்கள் இருமல்?

அன்புடன்,
நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 17

என் அகராதிக்கு,

அம்மாவின் முழங்கால் தன் பாட்டுக்கு இருக்கிறது. என் இருமல் போய்விட்டது. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு இருமினால் வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், அந்த வெட்கத்திலேயே போய்விட்டது.

நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒண்ணும் இல்லேன்னா ஏன் அவன் எழுதல?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கையில் அடியில்லை, கண்ணில் சிவப்பில்லை. ஒரு வரி எழுத என்ன கேடு?

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அண்ணனும் போனில் பேசினோம். நான் பேசினேன் என்பதுதான் சரி. அவர் 'ம்' போட்டார். பதினெட்டு 'ம்'. கடைசியில், "நான் பேசறது கேக்குதா, இல்ல அந்தப் பக்கம் மாடு எதாவது நிக்குதா?" என்றேன். அதற்கும் 'ம்'. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் சிரித்திருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது சேஃபா?" என்று கேட்பார்கள். நானும் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் "சேஃப்தான்" என்பேன். உன் கடிதத்தைப் படித்த அன்றும் ஒருவர் கேட்டார். உள்ளே இருந்த காகிதத்தைப் பிரித்து முழுக்கப் படித்தேன். அவர் பயந்துபோய் மாத்திரை வேண்டாம் என்று போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

மேஸ்திரிக்கு என்ன நடந்தது என்று நீ எழுதவில்லை. எடுத்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

&nbsp;

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் முன்பின்னாக இருக்கிறது. நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன்.

நேற்று அண்ணனின் அறைக்குப் போனேன். அறிவிப்புத் தாள் கொடுக்க வந்ததாக ஒரு சாக்கு. மூன்று பேர் தங்கும் அறை. மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். எல்லாம் திறந்து கிடந்தன. வாசல், அலமாரி, ஃப்ரிட்ஜ், குளியலறை. அவன் எதையும் மூடுவதில்லையாம். கூடத் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் என்னிடம் முறையிட்டார்: "மேடம், நீங்களாவது சொல்லுங்க. பாத்ரூம் போனாக்கூட கதவ சாத்த மாட்டேங்கறான். நாங்க கண்ண மூடிக்க வேண்டியிருக்கு."

அவர் வெளியே போனதும் கேட்டேன்.

"அண்ணா, ஏன் மூட மாட்டேங்குற?"

"மூடினா என்ன, தொறந்தா என்ன."

"கொசு வருது."

"வரட்டும். அதுவும் எங்கேயாவது போகணும்ல."

பிறகு அவனே பேசினான். "எல்லாரும் வந்து தப்பிச்சிட்டேங்கறாங்க. தப்பு பண்ணிட்டேங்கற மாதிரியே கேக்குது எனக்கு."

அறைக்குத் திரும்பியதும் யோசித்தேன். தப்பினான், பிழைத்தான். உயிரோடு வந்தவனைச் சொல்ல நம்மிடம் வாகாக இருப்பவை இந்த இரண்டும்தான். ஒன்றுக்குள் தப்பு. மற்றதற்குள் பிழை. ஆங்கிலச் சொற்களில் காயம்தான் இருக்கிறது, குற்றம் இல்லை. வேண்டாத கேட் பாஸ்களின் பின்புறத்தில் இப்படிப்பட்ட ஆங்கிலச் சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்திரண்டு. இத்தனை தெரியும் எனக்கு. எதற்குத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

மேஸ்திரியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
நாத்தனார்

&nbsp;

மார்ச் 11

அடி அகராதி,

நாங்கள் இருவரும் கல் மாதிரி இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

நான் உன்னிடம் வார்த்தை கேட்கவில்லை. மனிதனைக் கேட்டேன். நீ இருபத்திரண்டு வார்த்தை எண்ணி அனுப்புகிறாய்.

உங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் விடுமுறையில் வந்திருக்கிறார். நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை.

"சொல்லுங்க. என் முகத்துல என்ன எழுதியிருக்கு?"

"இல்லக்கா. பேசிக்கறாங்க, அவ்வளவுதான்."

"என்ன பேசிக்கறாங்க?"

"மேஸ்திரி உள்ள உசுரோட இருந்தப்பவே, செத்துட்டாருன்னு ஒங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். அதனாலதான் கதவ மூடினாங்களாம். சொல்லாம இருந்திருந்தா உள்ள ஆள அனுப்பியிருப்பாங்களாம். நான் பாக்கலக்கா. ஆபீஸ் அறிக்கையில அப்படி இருக்காம்."

மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்ன கொடுத்தேன் என்று நினைவில்லை. நல்லவேளை, அவர் நேற்றும் தெருவில் நடமாடினார்.

நீ அந்த ஆபீஸில்தான் இருக்கிறாய். அந்த அறிக்கை உன் மேசை வழியாகத்தான் போயிருக்கும். உன் அண்ணன் காய்ச்சல் என்று பொய் சொல்லிக்கூட லீவு எடுக்கத் தெரியாதவர். அப்படிச் சொன்னாரா, இல்லையா? ஒரு வரி போதும்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. அவன் சொன்னது 'போயிட்டாரு'.

குழாய் வெடித்ததும் மேஸ்திரி, "நீ முன்னாடி ஓடு, நான் பின்னாடி போயிடறேன்" என்றிருக்கிறார். அவருக்குப் பின்கதவுதான் பக்கம். அதைத்தான் அண்ணன் சொன்னான். வெளியே பூட்டு போட்டிருந்தது இருவருக்கும் தெரியாது. சரக்கு ஏற்றாத நாளில் பூட்டிவிடுவார்கள்.

பத்தாம் தேதி விசாரணையில் அவனுடைய வாக்குமூலம் எடுத்தார்கள். முடிவு ஜூன் இருபதாம் தேதி. பொய்த் தகவல் கொடுத்து ஒருவர் சாவுக்குக் காரணமானான் என்பது குற்றச்சாட்டு. உறுதியானால் வேலை போகும். கோப்பு போலீசுக்கும் போகும்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 22

அகராதிக்கு,

அம்மாவிடம் சொல்லவில்லை. முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதில் கவனமாக இருக்கிறார்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. இவர் 'போயிட்டாரு' என்றார். நாம் தினம் சொல்வதுதான். கடைக்குப் போயிட்டாரு, வேலைக்குப் போயிட்டாரு. செத்தவரையும் போயிட்டாருதான் சொல்வோம். ஆபீஸ் அறிக்கையில் 'இறந்துவிட்டதாகச் சொன்னார்' என்றிருக்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில். இவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அப்படியென்றால் நடுவில் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆள் வந்து, 'அவர் சொன்னது இது, நான் சொன்னது இது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

இன்னொன்றும் புரியவில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரர் போன் பண்ணினார். விசாரணையில் இவரே 'ஆமாம், செத்துட்டாருன்னுதான் சொன்னேன்' என்று ஒப்புக்கொண்டாராம். நீ எழுதியதும் இதுவும் ஒட்டவில்லை. ஒன்று நீ பொய் சொல்கிறாய், இல்லை அவர் சொல்கிறார். நம் வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

&nbsp;

மே 3

அன்பு மனைவிக்கு,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மேஸ்திரி செத்துவிட்டார் என்றுதான் நான் சொன்னேன். பயத்தில் அப்படி வந்துவிட்டது. இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதே. தங்கச்சியிடமும் கேட்காதே.

அம்மாவின் கட்டில் கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் வைத்துச் சரி செய்துவிடு.

&nbsp;

மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நடுவில் இருந்த ஆள் நான்தான்.

இதை மூன்று கடிதங்களில் எழுதாமல் விட்டேன். அன்று காலை முன்கதவில் நின்றிருந்தேன். அண்ணன் ஓடி வந்தான். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. பாதுகாப்பு அதிகாரி அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, இன்னொரு ஆள் எங்கே என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மேஸ்திரி எங்க?"

"போயிட்டாரு மேடம்."

நான் அதிகாரியிடம் திரும்பி, "ஹி இஸ் கான்" என்றேன்.

அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் அதற்கு அதே இரண்டு அர்த்தம். கிளம்பிவிட்டார், இறந்துவிட்டார். பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றினார். வியர்வை துடைக்கிறார் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கூட இல்லை. மறுபடி மாட்டிக்கொண்டு கதவை மூடச் சொன்னார். உள்ளே உயிரோடு ஆள் இருந்தால் முகமூடி போட்டவர்கள் இரண்டு பக்கமும் நுழைய வேண்டும். இல்லையென்றால் மூடிவிட்டு, வாயு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த விதியைத் தமிழில் எழுதி உள்சுவரில் ஒட்டியதும் நான்தான்.

அண்ணனோடு ஆம்புலன்ஸில் போனேன். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மேஸ்திரி பின்கதவு வழியா வெளிய வந்துட்டாரா மேடம்?"

காவலாளிக்குப் போன் பண்ணினேன். பின்கதவைத் திறக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பிறகும் யாரும் கேட்கவில்லை. காற்றோட்டத்துக்காகத் திறந்ததாக அறிக்கையில் இருக்கிறது. அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. பின்கதவின் உட்பக்கத்தில், தோள் உயரத்தில், உறைபனி ஓர் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. பலகைக்காகத் தமிழில் எழுதியபோது அந்த வரியை விட்டுவிட்டேன்.

இனி விசாரணை நாள். நீள மேசை, எதிரே மூன்று பேர், அவர்கள் முன்னால் ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். நடுவில் இருந்தவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்: "அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"செத்துட்டாருன்னு சொன்னேன் மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சொந்த அண்ணனை 'ங்க' போட்டுப் பேசினேன். கல்லை மென்றதுபோல் இருந்தது.

"யோசிச்சுத்தான் சொல்றேன். நான் சொல்றத அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். இம்முறை ஒரு எழுத்தும் பிசகவில்லை.

முடிந்ததும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவனைப் பிடித்தேன். "ஏன்ணா?" என்றேன். அவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கரண்ட் கான், லோடு கான்னு தெனம் பேசிட்டுத்தான் இருக்கோம். எனக்கு அது மட்டும் தெரியாதா? அன்னைக்கே காதுல விழுந்துச்சு. கான்னுதானே சொன்னே, நான் சொன்னதத்தான் நீயும் சொல்றேன்னு விட்டுட்டேன்." பிறகு, "நீ படிச்சவ. உனக்கு இன்னும் நெறைய இருக்கு. விடு" என்றான்.

இப்போது நான் வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அவன் என் அண்ணன் என்பது. தங்கையை வைத்து வாக்குமூலத்தை மாற்றினான் என்பார்கள். இருவரும் வெளியே. திறக்காவிட்டால் அவன் மட்டும். இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

நாத்தனார்

&nbsp;

மே 27

என் அகராதிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறார். கட்டில் காலைச் சரி செய்தாயிற்று.

எனக்கு முன்னாலேயே தெரியும். ஏப்ரல் கடிதம் எழுதும்போதே தெரியும். நடுவில் 'ஒரு ஆள்' என்று எழுதினேனே, அந்த ஆபீஸில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஆள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா? நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். பிறகு உன் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. நாலே வரி. அதில் ஒன்று, தங்கச்சியிடம் கேட்காதே. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த காதல் கடிதமே அது ஒன்றுதான், அதுவும் உனக்காக எழுதியது.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். போய்ச் சொல் என்றால், புருஷனைக் காப்பாற்ற நாத்தனாரைத் தள்ளிவிட்டாள் என்று ஆகும். சொல்லாதே என்றால், அவர் ஆயுசுக்கும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டும் என் கையால் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதற்குக் கேட் பாஸ் பின்னால் எழுதி அனுப்பாதே. அவர் 'போயிட்டாரு' என்றபோது உன் காதில் விழுந்தது எது? கிளம்பிட்டாரு என்றா, செத்துட்டாரு என்றா?

அண்ணி

&nbsp;

ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் வியாழக்கிழமை அங்கே வந்துவிடுவான். இளைத்திருக்கிறான், மற்றபடி உடம்பு சரியாக இருக்கிறது. உங்கள் உடம்பையும் அம்மாவையும் கவனித்துக்கொள்ளுங்கள். நான் வர இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில். இரண்டும் விழவில்லை. அண்ணன் குரல் விழுந்தது. உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் விழுந்தது. அவன் கண்ணிலிருந்து ஒழுகியது வாயுவாலா அழுகையாலா என்றுகூட நான் பார்க்கவில்லை. கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிட்டு அவனைத் தண்ணீர்க் குழாய்க்குக் கூட்டிப்போக வேண்டும் என்றிருந்தது. 'எங்க போயிட்டார்?' என்று கேட்க ஒரு விநாடிதான் ஆகும். அந்த ஒரு விநாடியை மேஸ்திரிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். நான்கு மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று பத்து மணிக்கு விசாரணை அறைக்குப் போனேன். முடிவைத் தமிழில் படித்துக் காட்டத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் தொடங்கும் முன் நான் பேசினேன். இவர் என் அண்ணன் என்றேன். பிறகு மற்றது. அன்று அவர் சொன்ன சொல்லை ஆங்கிலமாக்காமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். நடுவில் இருந்தவர் தன் மொழியின் எழுத்தில் அதைத் தட்டுத் தடுமாறி எழுதினார். அர்த்தம் கேட்டார். இரண்டையும் சொன்னேன். இதில் எதை நீ சொன்னாய் என்றார். ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் சொன்னேன் என்றேன். பாதுகாப்பு அதிகாரி மேசைமேல் வைத்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்கதவை யார் பூட்டியது என்று நேற்றுதான் முதன்முதலாக ஒருவர் கேட்டார்.

அண்ணன் மீதான குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள். உறவை மறைத்ததற்காக இருவருக்கும் வேலை இல்லை. என் மீது தனி விசாரணை. ஊரை விட்டுப் போகக் கூடாது என்றிருக்கிறார்கள்.

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "உன்னை யாரு கேட்டா?" அதன் பிறகு பேசவில்லை. பேசுவான் என்று நினைக்கிறேன்.

மாலையில் கேன்டீனுக்குப் போனேன். மேஸ்திரியின் வீட்டம்மா அங்கேதான் காய் நறுக்குகிறார். சமையலறைக்குப் பின்னால் சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"மேடத்துக்கு இங்க என்ன வேலை?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. மேஸ்திரி செத்துட்டாருன்னு அவன் சொல்லல. போயிட்டாருன்னான். பின்பக்கமா போயிட்டாருன்னு. நான்தான் இங்கிலீஷ்ல தப்பா போய்ச் சேர்ற மாதிரி சொல்லிட்டேன். அப்ப அவர் உயிரோட இருந்தார்."

அவர் இரண்டு கேரட்டை நறுக்கி முடித்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"இருபது நிமிஷம் இருக்கும்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"கூப்பிட்டிருப்பாரா?"

"பின்கதவுல கை வெச்ச தடம் இருந்துச்சு."

"இங்கிருந்து பாத்தா அந்த முன்கதவு தெரியும். மூடறத நான் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, அதான் மூடறாங்கன்னு நெனச்சேன்." முந்தானையால் கையைத் துடைத்தார், ஈரம் இல்லாத கையை. "அந்தப் பையன் தெனம் வந்து அந்தத் தூண்கிட்ட நிப்பான். காறித் துப்பி அனுப்பியிருக்கேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசல."

"அவன் என் அண்ணன்."

அவர் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"இப்ப சொன்னத எழுதிக் குடு," என்றார்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்க்கா. அதோட நகல் உங்களுக்கு வரும்."

"அது எனக்கு வேண்டாம். யாராவது வந்து இதுக்கு இதுதான் அர்த்தம்னு படிச்சுச் சொல்லணும். இன்னொருத்தர் வாயால நான் எதையும் கேக்கறதா இல்ல. தமிழ்ல எழுது. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கறேன்."

மேடையின் மறுகோடியில் உட்கார்ந்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவர் எளிதாகப் படிக்கும்படி பெரிய எழுத்தாக எழுதினேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.